மாதிரி இல. 212

கச்சான் தொடங்கிவிட்டால்
கல்லடிப் பாலத்தின் நடுவிலேயே முள் சிவப்பைத் தொடும்.
மூடியைத் திறக்கக் கூடாதென்று தெரியும்.
பொனற்றைத் தூக்கிவிட்டு
வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்,
பின்னால் ஒரு பஸ் வாய்விட்டுத் திட்ட.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு மொறிஸ் மைனர்.
டச்பாரில் மேர்வின் ஒக்கர்ஸிடம் வாங்கியது.
கதவு இறங்கியிருப்பதை, தரையில் ஓட்டை இருப்பதை,
மூன்றாம் கியர் துள்ளுவதை
அவரே சொல்லி விலையைக் குறைத்தார்.
எனக்கு வேலை கிணறுகளில் உப்பு அளப்பது.
அலுவலக ஜீப் எப்போதும் வேறு யாரிடமோ.

முதலில் றேடியேற்றர்.
காத்தான்குடியில் முபீத் இரண்டு வரிசைக் குழாயை மூன்றாக்கி
ஈயம் ஒட்டித் தந்தான்.
களுவாஞ்சிகுடி வரை போனது. பிறகு கொதித்தது.

ஏழு இறாத்தல் மூடியை எடுத்துவிட்டுப்
பதின்மூன்று இறாத்தல் போட்டான்.
அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறும்,
பாடசாலையில் படித்ததுதான்.
பழைய ஹோஸ் பாடசாலைக்குப் போனதில்லை.
கிரான்குளத்தில் வெடித்து
என் வெள்ளைச் சப்பாத்தைத் துருநிறமாக்கியது.

தெர்மோஸ்ரற்றைக் கழற்றி வீசு என்றது சந்தி முழுக்க.
கழற்றினேன். வீசவில்லை, லாச்சியில் வைத்தேன்.

அடுத்தது மின்விசிறி,
ஒரு மாருதியின் எலும்புக்கூட்டிலிருந்து.
சுவிட்சைப் போட்டால்
காற்று முன்பக்கமாய் வந்து என் சேலையைத் தள்ளுகிறது.
வண்டி வாங்கும் காற்றும் விசிறி விடும் காற்றும்
கிறிலில் முட்டிக்கொண்டு நின்றன.
முபீத் தலையில் கைவைத்தான்:
"மறந்தே போச்சு மிஸ். இந்த வெள்ளக்காரன்ட சாமானுக்கு
பிளஸ்தானே பொடியில இரிக்கி."
வயரை மாற்றினான். காற்று திரும்பியது.
ஆனால் பொழுதுபட்டபின் விசிறி சுற்றினால்
டைனமோவுக்கு மூச்சு முட்டும்,
விளக்கு இரண்டும் பழுத்த பப்பாளி நிறமாகும்.
வெளிச்சமா, குளிர்ச்சியா?
நாவற்குடா தாண்டும்வரை
மாறி மாறிப் போட்டு ஓட்டினேன்.

பெரியபோரதீவில் ஒருநாள் வேறு வழியில்லை.
காலையில் எடுத்த ஒன்பது போத்தல் மாதிரியையும்
ஒன்றன்பின் ஒன்றாய் அதற்குள் ஊற்றினேன்.
ஒன்பது கிணறு குடித்து வீடு வந்தது.
அன்றைய படிவத்தில் ஒன்பது கோடு.

கடைசியில் முபீத் எஞ்சினின் பின்பக்கம் சரிந்து படுத்து
வடிகுழாயைத் திறந்தான்.
ஒரு சொட்டும் வரவில்லை.
சைக்கிள் கம்பி ஒன்றை விட்டுக் குத்தினான்,
குத்திக்கொண்டே இருந்தான்.
கறுப்புச் சேறு.
பிறகு செம்பு நிறச் செதில்கள்.
பிறகு, தொண்டை செருமியதுபோல், நீர்.
"தண்ணி முன்னுக்கு மட்டும்தான் ஓடியிரிக்கி.
நாலாவது சிலிண்டர் இவ்வளவு நாளும்
மண்ணுக்குள்ள வெந்திரிக்கி."

அரைப் போத்தல் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.
மானியைக் கழுவி இரண்டாம் தரமும் அளந்தேன்.
அலைக்குப் பிந்திய மாதங்களில்
கடற்கரைக் கிணறுகளில் மட்டும் கண்ட எண்.

மேர்வின் வண்டியைப் பற்றி ஒன்றும் மறைக்கவில்லை.
கிணற்றைப் பற்றி நான் கேட்கவில்லை.
அந்த வருடம் டச்பாரில் வேறு தண்ணீர் ஏது?
கொதித்துக் குறைய, குறைந்ததற்கு ஊற்ற,
ஆவி போனது.
உப்பு எங்கே போகும்.

மூன்று நாள் கழுவினோம்.
லாச்சியிலிருந்து தெர்மோஸ்ரற் திரும்பி வந்தது.
பதின்மூன்று இறாத்தல் மூடி இருக்கட்டும் என்றான்,
ஹோஸ் இப்போது புதிது.
கம்பிக்கு அவன் காசு வாங்கவில்லை.
மூன்றாம் வரிசைக் குழாய்க்கு வாங்கியதைத்
திருப்பித் தரவும் இல்லை.

வழிவதைப் பிடிக்கக் கட்டிய ஹோர்லிக்ஸ் போத்தலையும்
அப்படியே விட்டுவைத்தோம்.
இரவில் வண்டியை நிறுத்திவிட்டு டோர்ச் அடித்துப் பார்ப்பேன்.
எஞ்சின் ஆற ஆற
தான் துப்பியதைத் தானே உறிஞ்சி எடுக்கும்,
ஒரு விரல்,
இன்னும் அரை விரல்.
போத்தலில் அலுவலக லேபிள், என் கையெழுத்து:
மாதிரி இல. 212. இடம், டச்பார்.
ஆழம் என்ற கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை.