பன்னிரண்டாவது மூடி

இன்று உன்னைப் புதைத்தோம், வெட்சன் சிமுகொண்டா.
அமைச்சர் வந்திருந்தார். "முதல்" என்ற சொல்லை
ஒன்பது தடவை சொன்னார். எண்ணினேன்.
பெஞ்சில் உட்கார்ந்தே பழகியவனுக்கு
எண்ணுகிற புத்தி போகாது.

முஃபுலிராவின் செப்புச் சுரங்கத்தில்
அறுநூறு மீட்டர் கீழே வண்டி தள்ளியவன் நீ.
சுரங்க பூட்ஸின் இரும்பு முனையை அறுத்தெறிந்துவிட்டு
அதையே மாட்டிக்கொண்டு ஆடினாய்.
வெள்ளைக்காரர் மைதானத்தில் புல்.
நம்முடையதில் உருக்காலைக் கசடு.
விழுந்தால் முழங்காலில் கருநீலமாய் ஒரு வடு.

பிறகு நான்கு நாள் ரயில், இரண்டு வாரக் கப்பல், ஸ்காட்லாந்து.
அந்த ஊர்ச் சட்டைக்குள் நுழைந்த முதல் கறுப்பு முதுகு.
கூட்டம் என்ன கத்தியது என்று கேட்டோம்.
குளிரைப் பற்றிச் சொன்னாய்.
நனைந்த பந்து கல்லாய்க் கனக்கும்,
தலையால் முட்டினால் பல்லெல்லாம் கூசும் என்றாய்.
மறுபடி கேட்டோம்.
மறுபடியும் குளிர்தான்.

நீ திரும்பியபோது கொடி மாறியிருந்தது.
இடது முழங்கால் மடங்கவில்லை.
பயிற்சியாளர் என்றால் வெள்ளைத் தொப்பி, கழுத்தில் விசில்.
உனக்கு விசில் தரவில்லை.
இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினாய்.
ஆடு மேய்க்க வந்தவன் என்றது பத்திரிகை.
அந்த ஆண்டு கோப்பை நமக்கு.

பேருந்தின் தரையில் சோடா மூடிகளைப் பரப்புவாய்.
பதினொன்று.
இவன் ஏறினால் அவன் இறங்கணும்,
இவன் வாயாடி, கோட்டோரம் கிடக்கட்டும்.
சாலைக் குழியில் வண்டி குலுங்கி மூடிகள் சிதறினால்
"எதிரி நகர்த்திட்டான்" என்பாய், சிரிக்காமல்.

பன்னிரண்டாவது உன் சட்டைப் பையில்.
அது நான்.

லுசாகா இறுதி ஆட்டம், எழுபதாவது நிமிடம்,
சிசாலா நொண்டினான்.
ட்ராக் சூட்டைக் கழற்றிவிட்டு நின்றேன்.
என்னைப் பார்த்தாய். என்னைத் தாண்டி
பதினேழு வயது கம்போலேயைப் பார்த்தாய்.
அவன் போட்ட கோலைத்தான்
இன்று காலை தேவாலயத்திலும் பேசினார்கள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன்.
வரவில்லை.
நீ செய்தது சரி. அதுதான் தொந்தரவு.

பெனால்டி என்றால் மைதானத்துக்கு முதுகு காட்டி நிற்பாய்,
சத்தம் சொல்லிவிடும் என்பாய்.
மண் தள்ளும்போது நானும் திரும்பிக்கொண்டேன்.
மண்வெட்டி.
பெண்களின் பாட்டு, நடுவில் ஒரு இருமல்.
சுவருக்கு அப்பால் யாரோ உதைத்த பந்து
தகரத்தில் மோதியது.

எந்தப் பக்கம் ஜெயித்தது என்று
தெரியவில்லை.