நான்காவது ஆள்

ஏப்ரல். மேட்டு வாயிலில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள்,
கணுக்கால் சுளுக்குக்காரன்;
ஆட்டுக்குட்டிகள் குறுக்கே வராமல் பார்க்கும் உத்தியோகம்.
கீழே வேல்ஸ் முழுக்க ஈரம்.
முட்புதர்களில் மஞ்சள் பூ, எங்கள் பனியனும் அதே மஞ்சள்.
தூரத்தில் எது பூத்திருக்கிறது, யார் ஓடுகிறார்கள்,
தெரியாது.

முதலில் இட்வால் போனான்,
தபால் போடுகிற அதே அவசரத்தில்.
பிறகு செரிஸ். சற்றுப் பின்னே கெத்தின்,
மூக்கில் சேறு, "எத்தனாவது?" என்று கத்திக்கொண்டே.
எண்ணவில்லை என்றேன். பொய்.

அணிக்கு நான்கு பேர் வேண்டும்.
கதவுத் தாழ்ப்பாளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.
மழை வந்து, நின்று, மறுபடி வந்தது.

நூற்று முப்பது பேருக்கப்புறம்
நெஸ்டா.
ஒரு காலில் காலணி; மறுகாலில் சேறே காலணி.
எண் ஒற்றை ஊக்கில் தொங்கிப் படபடக்க,
விடியுமுன் ரொட்டி சுட்டுவிட்டு வந்தவளின் கைகள்
இன்னும் மாவு பிசைந்துகொண்டிருந்தன.
"போயிடுச்சு, ஓடையில," என்றாள் நிற்காமல்.
காலணியைச் சொன்னாளா, நேரத்தையா?

மூன்றாம் பரிசு எங்களுக்கு: ஒரு டஜன் முட்டை.
நாலு பேருக்கு மூன்று மூன்று.
என் பங்கை நான் கேட்கவில்லை.
மாலையில் நொண்டிக்கொண்டே ஓடைக்குப் போய்
கையை விட்டுத் துழாவினேன்.
கிடைத்தது ஒரு காலணி,
அவளுடையது இல்லை.