ஏழாம் கேள்வி

கௌனாஸில் பிப்ரவரி.
டிராலிபஸ் டிப்போவின் விளக்கடியில்
போன கோடையெல்லாம் பொறுக்கிய
வெண்கல வண்டுகள் நூற்றுப்பன்னிரண்டு
ஊசி குத்தி, சீட்டெழுதி, பெட்டியில் கிடக்கின்றன.
இனம் பிரிக்கும் நூலில்
ஏழாம் கேள்வியில்தான் எப்போதும் வண்டி நின்றுபோகும்:
இறக்கைமூடி தொடங்கும் இடத்தில்
ஊசிமுனைக் குழி ஒன்று உண்டா, இல்லையா?
என் கைலென்ஸ் "இல்லை" என்றது.
நானும் இல்லை இல்லை என்றே எழுதிவந்தேன்.

கையில் இருநூறு யூரோ.
குளிர்கால டயருக்கு வைத்தது.
பழைய டயர் இன்னொரு பனியைத் தாங்கும் என்று
எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

புதிது ஒன்று நூற்றெழுபது,
பல் டாக்டர் அறைபோல் வெள்ளை வெளேரென்று.
இருபது மடங்கு, நாற்பது மடங்கு, நடுவே ஒன்றுமில்லை.
நாற்பதில், லென்ஸ் வண்டின் முதுகிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது;
இடுக்கி நுழைய வழியில்லை.
இன்னொன்று திரை வைத்தது.
ஆயிரம் மடங்கு என்று அட்டையில் சூளுரைத்தது.
ஆயிரத்தில் வண்டு எங்கே தெரியும்,
வண்டின் மேலுள்ள தூசிதான் தெரியும்.
அதற்கு ஒற்றைக்கண் வேறு.
குழி என்றால் ஆழம்;
ஆழம் இரண்டு கண்ணுக்குத்தான் படியும்.

பிறகு தௌத்வீதாஸின் கராஜ்.
மூடிய கால்நடை ஆய்வகத்தின் சாமான்களை விற்கிறான்.
ஆட்டுப் புழுக்களை எண்ணி ஓய்ந்த
சோவியத் காலத்துக் கருவி,
சாம்பல் பூச்சு உதிர்ந்தது, தூக்கினால் தோள் இறங்கும்.
நூற்றைம்பது என்றான்.
இடது கண்ணாடியில் பூஞ்சை நூலோடியிருப்பதையும்
அவனே சொன்னான்.

சட்டைப்பையிலிருந்து என் வண்டை எடுத்தேன்.
குழல்களை என் கண்ணளவுக்கு நெருக்கினேன்.
முதலில் இரண்டு வண்டு.
கண்ணைத் தளர்த்தினேன்.
தயங்கித் தயங்கி ஒன்றாயின.
உருளையைத் திருப்பினேன்: டக். இன்னொரு டக்.
நாலு விரல் இடைவெளியில் இடுக்கியை விட்டு
வண்டைச் சற்றே சாய்த்தேன்.

குழி இருந்தது.
விளிம்போடு, ஒரு துளி மழை தேங்கும்போல்.

விளக்கு எரியாததால் நூற்றிருபத்தைந்துக்குத் தந்தான்.

கடைசி டிராலிபஸ்ஸை ஸ்கிர்மாந்தே ஓட்டினாள்.
என் மடியைப் பார்த்து, "தையல் மிஷினா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
விளக்கிச் சொல்ல மூன்று நிறுத்தம் போதாது.

வீட்டில் மேசைவிளக்குக்கு
தயிர்க் கோப்பையை வெட்டிக் கவிழ்த்தேன்;
கூசிய ஒளி பால்போல் இறங்கியது.
விடிவதற்குள் கணக்கு முடிந்தது.
நூற்றுப்பன்னிரண்டில் முப்பத்தெட்டுக்குக் குழி.
முப்பத்தெட்டுச் சீட்டிலும் என் கையெழுத்து,
அழகாக, தப்பாக.
கிழிக்கவில்லை. அதே ஊசியில்
அதன் கீழே புதிய சீட்டைக் குத்தினேன்.

வெளியே பனி விழத் தொடங்கியது.
டயர் ஞாபகம் வந்தது, கொஞ்சம்.
பக்கத்தைப் புரட்டினேன்.
எட்டு: ஆணின் பின்னங்கால் உட்புறத்தில்
மயிர் அடர்ந்ததா, அரிதா?