வரைபடத்தில் ஏரி

நோம் பென், இரவு ஒன்பது மணி.
போன் திரையில் நான்
ஏரிக்கு நடுவே நிற்கிறேன்.
வரைபடக்காரர்களுக்கு இன்னும் சேதி போகவில்லை.

காலடியில் சிமெண்ட். அதற்கடியில்
மீகாங்கிலிருந்து குழாய் வழி வந்த மணல்,
பதினெட்டு மாதம், இரவும் பகலும்.
அதற்கும் அடியில் என்ன என்று
இங்கே வள்ளைக்கீரை அறுத்த ஸ்ரேமோமைத்தான் கேட்க வேண்டும்.
இப்போது பதினான்காம் மாடியில் தரை துடைக்கிறாள்.
சன்னல் வழியே தன் பாத்தி தெரிகிறதாம்,
நீச்சல்குளத்துக்குச் சற்று இந்தப்பக்கம்.

என் பையில் புளிமீன் குழம்பு, ஆறிக்கொண்டிருக்கிறது.
மீன் எல்லை தாண்டி ஐஸ் பெட்டியில் வந்தது.
“இடப்பக்கம் திரும்பவும்” என்கிறது போன்.
இடப்பக்கம் சுவர்.

மழை பிடித்துக்கொண்டது.
அரைமணிதான்.
தண்ணீர் யாரிடமும் வழி கேட்கவில்லை.
முதலில் சைலன்சர், பிறகு முழங்கால்.
வுத்தி தன் வண்டியை
அடம்பிடிக்கும் கன்றுபோல் இழுத்துப் போகிறான்.
காவலாளி நாற்காலிமேல் ஏறி நின்று சிரிக்கிறார்.

குழம்பைத் தலையில் வைத்துக்கொண்டு
திரையைத் துடைத்துப் பார்க்கிறேன்:
நீலத்தின் நடுவே ஒரு புள்ளி.

இத்தனை நாள் இதைத்தான்
தப்பு, தப்பு என்று திட்டிக்கொண்டிருந்தேன்.