மேட்டு ரத்தம்

மீன் கூடத்து ஈரத் தரையில்
முப்பத்து நான்கு வருடம் நின்றேன்.
கால் கடுக்க என்பார்கள்.
கடுப்பு பழகிப்போனது.
இடது கெண்டைக்காலில் சுருண்டு புடைத்திருந்தது மட்டும்
மாலையானால் கனக்கும்.

வால்பராய்சோவில் எங்கள் வீடு மேட்டில்.
இருநூற்றுப் பன்னிரண்டு படி.
கடலுக்கு இறங்க ஒரு பாடும் இல்லை,
ஏறுவதுதான்.
ரத்தத்துக்கும் அப்படித்தானாம்.

மருத்துவர் உர்ருத்தியா
தொடையில் குளிர்ந்த பசையைத் தடவிக்
கருவியை வைத்தார்.
தாதி கெண்டையைப் பிசைந்தாள்:
திரையில் நீலம் ஏறியது.
கையை விட்டாள்:
சிவப்பாய் வழிந்து இறங்கியது.
"ஏறிய ரத்தம் இறங்காதிருக்க
வழிநெடுகக் கதவுகள் உண்டு.
உங்கள் கதவுகள் சாத்துவதில்லை.
எடுத்துவிடலாம்."

நான் மீன் அறுக்கிறவள்.
முள்ளோரம் ஓடும் கறுத்த ரத்தக் கோட்டைக்
கட்டைவிரலால் ஒரே இழுப்பில் உருவுகிறவள்.
உருவியபின் எந்த மீனும் நீந்தியதில்லை.
"எடுத்துவிட்டால் ரத்தம் எந்த வழியாகப் போகும்?"

அவர் சிரிக்கவில்லை.
அதற்காகவே ஒப்புக்கொண்டேன்.
"இப்போதும் இந்த வழியாகப் போகவில்லை, செனோரா.
போவதுபோல் போய்த் திரும்புகிறது.
தசைக்குள் ஆழத்தில் பெரிய வழி இருக்கிறது.
இது கீழே கொட்டுவதையும் சேர்த்து
அதுதான் தூக்குகிறது."

எங்கள் கூடத்தில் எர்மோஹெனெஸ் என்று ஒருவன் இருந்தான்.
வண்டியில் பெட்டி ஏற்றுவான்,
கண் மறைந்தால் இறக்கி வைப்பான்.
அவன் நின்ற அன்று
எங்களில் யாருக்கும் வேலை கூடவில்லை.

முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
பிறகு கேட்டு வாங்கிப் பார்த்தேன்:
தட்டில் வெளுத்த ஒரு கயிறு, முடிச்சு முடிச்சாய்.
இரைக்குக்கூட ஆகாது.
இதற்கா இத்தனை வருடம்
காலுக்குத் தலையணை வைத்துப் படுத்தேன்?

தொடை கத்தரிக்காய் நிறமானது.
இறுக்குறையை மாட்டிவிட நிபால்தோ
தினமும் என் காலோடு மல்லுக்கட்டினான்.
கணுக்காலருகே காசு அகலத்துக்கு
இன்றும் உணர்ச்சி இல்லை.
அதை யாரும் முன்பே அழுத்திச் சொல்லவில்லை.

நடக்கச் சொன்னார்கள். நடந்தேன்.
ஒவ்வோர் அடிக்கும் கெண்டை இறுகி
ரத்தத்தை ஒரு படி மேலே தள்ளுமாம்.
ஆறாவது வாரம் குன்றேறினேன்;
நூற்று நாற்பதாவது படியில் மூச்சு வாங்கியது,
கால் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது மீன் அறுக்கையில்
குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறேன்.
வாங்க வருகிறவர்கள்
தங்கள் தலைக்கு மேல் எதையோ எட்டிப் பார்க்கிறேன் என்று
திரும்பிப் பார்க்கிறார்கள்.
கடல்தான் இருக்கிறது.
அதைப் பார்த்துவிட்டு
விலை கேட்க மறக்கிறார்கள்.