நாற்பத்து மூன்றாம் தவணை

தொப்பூர் ஏற்றத்தில், கிரானைட் லாரிக்குப் பின்னால்,
சிவப்பு விளக்கு எரிந்தது.
இந்த வண்டியில் சூடு காட்டும் முள் கிடையாது.
முள் வைத்தால் விலை ஏறும்.
எல்லாம் முடிந்த பிறகு
பொட்டளவு சிவப்பு, அவ்வளவுதான்.

பானட்டைத் திறந்தேன்.
ஆவி என் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டது.
தடுப்புச் சுவர்மேல் குரங்குகள்
தெரிந்த கதையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தன.
தக்காளி வேன் ஒன்று
கயிறு கட்டி இழுத்துவந்தது தருமபுரிக்கு.

வாங்கிய ஆறாம் மாதமே ஆரம்பித்துவிட்டது.
கதவைச் சாத்தினால் பிஸ்கட் டின் சத்தம்.
இண்டூர் வேகத்தடையில் இடது முன்சக்கரம்
ஏறும்போது ‘டக்’ என்று ஒரு சொல் சொல்லும்,
இறங்கும்போது அதையே திருப்பிச் சொல்லும்.
ஐப்பசி மழை டிக்கிக்குள் புகுந்து
இரண்டு டைரி, நாலு காலண்டர்,
ஒருவருடைய இறப்புச் சான்றிதழ்
ஊறிப்போயின.
சேலம் ஷோரூமில் டை கட்டிய பையன்
எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தான்:
இந்த மாடலுக்கு இது நார்மல் மேடம்.
கிளட்ச் இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டரில் தேய்ந்தது.
நார்மல்.
கதவின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது.
அதை அவன் மேஜைமேல் வைத்தேன்.
கொஞ்சம் யோசித்தான்.
நார்மல்தான் என்றான்.

தீர்த்தகிரியின் பட்டறை பென்னாகரம் ரோட்டில்,
பெட்ரோல் பங்கைத் தாண்டி.
அவருக்குக் கழுத்து திரும்பாது.
கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவார்.
ஸ்டியரிங் இறுகிப்போச்சு என்பார், தன்னைப் பற்றி.

ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினார்.
வெள்ளையாய், செதில் செதிலாய்
உதிர்ந்துகொண்டே இருந்தது.

“போர்த் தண்ணி ஊத்துனீங்களா?”
“வீட்டுல வர்றது அதுதானே.”
“இந்தத் தண்ணிய இரும்பே தாங்காதுங்க.
கம்பெனிக்காரன் மேலயும் தப்பு இருக்கு,
தீப்பெட்டி அட்டை கனத்துல டேங்க் வச்சிருக்கான்.
ஆனா பாதிக் குத்தம் நம்ம ஊருது.”

சொல்லிவிட்டுச் சிரித்தார்.
அந்தப் பழுப்புக் கோடுகள் எனக்கும் உண்டு.
பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில்
நாற்பது பேர், நாற்பது மூடிய வாய்.
போட்டோக்காரர் வெளியூர்.
யாரு செத்துட்டாங்க, சிரிங்கப்பா என்றார்.
டீச்சரும் உதட்டைப் பிரிக்காமலே சிரித்தார்.

பச்சை கூலண்ட் கேனை வெயிலில் தூக்கிப் பார்த்து
ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார்.
லிட்டர் முந்நூற்றைம்பது.
பிறகு ஹோஸை வாயருகே பிடித்து
அதே போர்த் தண்ணீரை
மடக் மடக்கென்று குடித்தார்.

பில் நாலாயிரத்து இருநூறு.
கையில் இல்லை என்றேன்.
“ரெண்டு வருசமா ஒரு பாலிசி போடச் சொல்றீங்களே,
அதைப் போட்டுடுங்க.
முதல் பிரீமியத்தை நீங்க கட்டிட்டா
கணக்கு நேராயிடும்.”

பானட்மேல் படிவத்தை விரித்தேன்.
தகடு இன்னும் சுட்டது.
பெயர். தந்தை பெயர்.
வயது, ரேஷன் கார்டுப்படி ஐம்பத்தொன்று.
பதினோராம் கேள்வி:
எலும்பு, மூட்டு தொடர்பான நோய் ஏதேனும் உண்டா?

தீர்த்தகிரி உடம்போடு திரும்பினார்.
“இந்தக் கழுத்தையா கேக்குறாங்க?
நம்ம பக்கம் எல்லாருக்கும் இருக்கறதுதானுங்களே.”

பேனா அந்தக் கட்டத்தின்மேல் நின்றது.
ஐந்தாம் தேதி வங்கியில் தவணை.
இது போனால் இன்னும் பதினேழு.
அந்த ஷோரூம் பையன் நினைவுக்கு வந்தான்,
எவ்வளவு வெள்ளைப் பல் அவனுக்கு.

இல்லை என்று எழுதினேன்.

முதல் சாவியிலேயே கிளம்பியது வண்டி.
இண்டூர் வேகத்தடையில்
ஏறும்போது சொன்னது.
இறங்கும்போதும் சொன்னது.