ஏழாம் எண்ணின் சன்னல்

படகிலிருந்து பார்த்தால் ஒரே அரண்மனை.
இறங்கி நடந்து வந்தால்
பதின்மூன்று கதவு, பதின்மூன்று வாடகை.

கல் என்று நம்ப வேண்டாம், செங்கல்தான்.
காரை பூசி, ஈரம் காயுமுன்
கரண்டி முனையால் கோடு கிழித்துக்
கல்லாக்கிவிட்டார்கள்.
மழை ஏமாறவில்லை.
அந்தக் கோடுகள் வழியாகத்தான் உள்ளே போகிறது.

முதல் மாடி பதினான்கு அடி.
வில்லாய் வளைந்த சன்னல், இரும்புக்கொடி உப்பரிகை,
கடல் பார்க்க வந்த மான்செஸ்டர் வக்கீல்.
அதற்கு மேல் பதினொன்று: ஆசிரியைகள், இருவருக்கு ஒரு கட்டில்.
அதற்கும் மேல் எட்டு. இருமல்காரர்கள்.
உப்புக்குப்பிக்குத் தனிக் காசு.
கூரையடியில் ஐந்தேகால்.
பணிப்பெண் மண்டியிட்டுத்தான் பாவாடை மாற்றுவாள்.
ஏற ஏற வானம் தாழும் வீடு.

கோடை முழுக்க வீட்டுக்காரி ப்ராபர்ட் அம்மாள்
நான்கு பிள்ளைகளோடு
நிலவறை அடுப்படியில் படுத்தாளாம்,
தன் வீட்டில் தனக்கு இடம் வாடகைக்குப் போய்விட்டதால்.

பின்பக்கமும் போய்ப் பாருங்கள்.
குழாய், தகரம், கக்கூஸ், கோணல் படிக்கட்டு,
ஒன்றுபோல் ஒன்றில்லை.
முகத்துக்குப் பவுடர் போட்டவன்
முதுகு தேய்க்கவில்லை.

என் வேலை ஏழாம் எண்ணில்.
பதின்மூன்றுக்கும் நடு அது; மேலே முக்கோண முகப்பு.
முக்கோணத்தின் கீழ் சன்னல் இருந்தே ஆகவேண்டும்.
சுவருக்குள்ளோ புகைபோக்கி ஏறுகிறது.
அதனால் சன்னலை வரைந்துவிட்டார்கள்:
கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டம்,
பாதி மூடிய திரை.
ஐந்தாண்டுக்கு ஒருமுறை நகராட்சி கூப்பிடும்,
"எம்லின், அந்த இல்லாததைப் புதுப்பி."

இந்தமுறை அடியோடு உரிக்கச் சொன்னார்கள்.
ஒன்பது, பத்து,
பூச்சுகளை எண்ணுவதை விட்டபிறகு
திரையின் ஓரத்தில்
ஒரு விரல்.
இன்னும் சுரண்டினேன். மூன்று.
யாரோ திரையை விலக்கப் பார்க்கிறார்கள்.
நகக்கண்ணில் சிவப்பு,
சோடா நீரில் நாளெல்லாம் ஊறிய சிவப்பு.
அதற்கென்று தனியாக நிறம் கலந்திருக்கிறான்
எனக்கு முன்னால் இந்தச் சாரத்தில் நின்ற எவனோ.

மரபுப் பிரிவு அதிகாரி ஏணியேறி வந்தார்.
"மூலத்தில் கை இருந்ததா?"
"மூலத்தில் சன்னலே இல்லை, ஐயா."
சிரிக்கவில்லை. மூடச் சொல்லிவிட்டு இறங்கினார்.

மூடினேன்.
மற்ற இடமெல்லாம் மூன்று கை.
அங்கே மட்டும் ஒன்று,
எண்ணெய் குறைத்து.

காற்று தென்மேற்கு.
இரண்டு குளிர்காலம் தாங்கும்.